அஹங்காரமும் அஹமர்த்தமும்: பௌத்த தியானத்துக்கும் மன அறிவியலுக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் குறித்து ஒரு விசாரம்

1987-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இமயச் சாரலிலுள்ள தர்மசாலாவில், தலாய் லாமாவும் மேனாட்டு அறிவியலாளர் சிலரும் கூடி, மனம் என்பது யாது என்னும் வினாவைப் பற்றிச் சில நாள்கள் உரையாடினர். சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலாவும் ஆடம் எங்கிள் என்பாரும் முன்னின்று கூட்டிய அவ்வுரையாடலிலிருந்தே ‘மைண்ட் அண்ட் லைஃப்’ என்னும் நிறுவனம் உருவாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1991-இல், வரேலாவும் தத்துவ ஆய்வாளர் ஈவன் தாம்ப்ஸனும் உளவியலாளர் எலினோர் ரோஷும் சேர்ந்து இயற்றிய ‘தி எம்பாடிட் மைண்ட்’ என்னும் நூல் வெளிவந்தது. ‘உடலோடு கூடிய மனம்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். பௌத்தரின் நைராத்மிய வாதத்தையும் இக்காலத்து அறிதிறன் அறிவியலையும் ஒரே ஆசனத்தில் அமர்த்திப் பேசிய நூல்களுள் இதுவே தலையாயது. இதன்பின் எழுந்த எழுத்துகள் பலவும் இதை ஏற்றோ மறுத்தோ எழுந்தவையே.

இந்நூலை ஸ்ரீபாஷ்யம் பயில்வோர் ஆராய வேண்டிய அவசியம் யாது என்னும் கேள்வி எழலாம். பிரஹ்மஸூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதமாகிய தர்க்கபாதத்தில் ஸமுதாயாதிகரணம், உபலப்த்யதிகரணம், ஸர்வதாநுபபத்த்யதிகரணம் ஆகிய மூன்றிலும் பௌத்தமதம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஸ்வாமி வேதாந்த தேசிகனும் பரமதபங்கத்தில் மாத்யமிகர், யோகாசாரர், ஸௌத்ராந்திகர், வைபாஷிகர் ஆகிய நால்வருக்கும் தனித்தனியே விடையளித்திருக்கிறார். எனவே இது முடிந்துபோன வழக்கு என்பது பாடசாலைகளில் நிலவும் எண்ணம். பாஷ்யகாரர் காலத்தில் அது முடிந்துபோன வழக்காக இருந்ததில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்துக்கு 1006-ஆம் ஆண்டளவில் இராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தை அளித்ததை ஆனைமங்கலப் பெரிய செப்பேடுகள் கூறுகின்றன. 1090-இல் முதற்குலோத்துங்கன் அளித்த உரிமைகளைச் சிறிய செப்பேடுகள் கூறுகின்றன. அதாவது எம்பெருமானார் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்த காலத்தில் பௌத்தர் இந்நாட்டில் எதிர்நின்று விடையிறுக்க வல்லவராய் வாழ்ந்தனர். பின்னர் எதிர்வாதி மறைந்தார். மறுப்பு மட்டும் நின்றது. எதிர்வாதியில்லாத மறுப்பு நாளடைவில் பாராயணமாகிவிடும். இப்போது எதிர்வாதி மீண்டும் வந்திருக்கிறார். அறிவியல் என்னும் புதிய துணைவரையும் உடன் அழைத்து வந்திருக்கிறார். ஆகவே வழக்கை மறுபடியும் எடுத்து விசாரிப்பது கடமையாகிறது.

பூர்வபக்ஷம்

மறுக்கப்படும் மதத்தை அதன் முழு வலிமையோடும் முதலில் நிறுத்துவது நம் பாஷ்யகாரர் காட்டிய நெறி. ஜிஜ்ஞாஸாதிகரணத்து மஹாபூர்வபக்ஷத்தை மட்டும் படித்தவன், இதை எழுதியவர் அத்வைதியே என்று மயங்கக்கூடும். அத்துணை நேர்மையாக அது அமைந்துள்ளது. அந்நெறியைப் பின்பற்றி இந்நூலின் வாதத்தைச் சுருக்கிக் கூறுவோம்.

மனிதன் ‘நான்’ என்று ஒன்றை இடைவிடாது பற்றிக்கொண்டிருக்கிறான். நான் காண்கிறேன், நான் அஞ்சுகிறேன், என்னுடையது போயிற்று என்றெல்லாம் அவன் வாழ்வு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் அந்த ‘நான்’ எது என்று தேடினால், பௌத்தர் கூறும் ரூபம், வேதனை, ஸம்ஜ்ஞை, ஸம்ஸ்காரம், விஜ்ஞானம் என்னும் ஐந்து ஸ்கந்தங்களுள் எதிலும் அது அகப்படுவதில்லை. உடல் மாறுகிறது, இன்ப துன்பங்கள் தோன்றி மறைகின்றன, அறிவும் கணந்தோறும் வேறு வேறு பொருளைப் பற்றி எழுந்து அழிகிறது. நிலையாய், ஒன்றாய், தலைவனாய் நிற்கும் எதுவும் அங்கு இல்லை. இது பழைய அபிதர்ம வாதம்.

இதனோடு நூலாசிரியர் இணைப்பது இக்கால அறிவியலின் முடிவு. காண்டல், நினைத்தல், பேசுதல் ஆகியவற்றை ஆராய்ந்த அறிதிறன் அறிவியல், மனத்தைப் பல சிறு செயல்முறைகளின் கூட்டமாகவே கண்டது. அவற்றுள் ஒன்றேனும் ‘நான்’ எனத்தக்கதன்று. அவற்றின் மேல் அமர்ந்து ஆளும் தலைவனும் இல்லை. மார்வின் மின்ஸ்கி 1986-இல் வெளியிட்ட ‘தி ஸொஸைட்டி ஆஃப் மைண்ட்’ என்னும் நூலில் மனத்தை இத்தகைய ஒரு சமுதாயமாகவே வருணித்தார். ஆயினும் அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தை விட்டு இல்லம் திரும்பியவுடன், ‘நான்’ உண்டென்றே வாழ்கிறார். அறிவில் ஒன்று, வாழ்வில் மற்றொன்று. இந்தப் பிளவை அறிவியல் தானே போக்கிக்கொள்ள வல்லதன்று. சமத விபச்யனா என்னும் தியானப் பயிற்சியோ, ‘நான்’ இன்மையை அநுபவத்திலேயே காட்டிப் பிளவை நீக்குகிறது. பற்றுவதற்கு ஓர் ஆதாரமும் இல்லை என்று உணர்ந்தவனிடம் அச்சம் நீங்கிக் கருணை இயல்பாகச் சுரக்கிறது. இதுவே நூலின் முடிபு.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. வெறும் தர்க்கமாக நில்லாமல், ஒழுக்கத்தையும் பயிற்சியையும் சேர்த்துப் பேசுகிறது. அறிவியலின் முடிவுகளை மனிதனின் துக்க நிவிருத்தியோடு தொடர்புபடுத்தும் தைரியமும் இதற்கு உண்டு. உடலின்றி, உலகோடு கலந்து செயல்படுதலின்றி, மனம் தனித்து அறிவதில்லை என்று நிறங்களின் காட்சியை உதாரணமாகக்கொண்டு நூல் நிறுவும் பகுதி மிகவும் பயனுடையது. பத்தஜீவனின் தர்மபூதஜ்ஞானம் கர்மத்தால் சுருங்கி, இந்திரியங்களின் வழியாகவே வெளிப்போந்து விஷயங்களைப் பற்றும் என்று கொள்ளும் நமக்கு அப்பகுதியோடு பெரிய விரோதம் ஏதுமில்லை.

தேடிக் காணாமையின் பிரமாணத்தன்மை

முதலில் ஆராயத்தக்கது, தேடினோம், காணவில்லை, ஆகவே இல்லை என்னும் நடை. ஒரு பொருளைக் காணாமை அதன் இன்மையை எப்போது நிறுவும்? காணத்தக்க பொருளாக இருந்து, காண்பதற்குரிய மற்றக் காரணங்கள் அனைத்தும் கூடியிருந்தும் காணப்படாதபோதே நிறுவும். விளக்கொளி உள்ள தரையில் குடம் காணப்படவில்லையெனில் குடம் இல்லை. அதே தரையில் பிசாசம் காணப்படவில்லை என்பதால் பிசாசம் இல்லையென்று கூற முடியாது. இந்த யோக்யதை நிபந்தனையை வகுத்தவருள் பௌத்த தார்க்கிகரான தர்மகீர்த்தியே முதன்மையானவர். நம் ஸம்பிரதாயம் அநுபலப்தியைத் தனிப் பிரமாணமாகக் கொள்ளாவிடினும், இந்நிபந்தனையை மறுப்பதில்லை. எனவே இது இருதிறத்தாருக்கும் பொதுவான அளவுகோல்.

தலாய் லாமாவும் இதே அளவுகோலைக் கையாள்கிறார். 2005-இல் வெளிவந்த ‘தி யூனிவர்ஸ் இன் எ ஸிங்கிள் ஆட்டம்’ என்னும் நூலில், அறிவியல் ஐயமற மறுத்துவிட்ட ஒரு கருத்தை பௌத்தம் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறும் அவர், அறிவியல் ஒன்றைக் காணாமையும் ஒன்று இல்லையென்று கண்டறிதலும் வேறு வேறு என்பதையும் வற்புறுத்துவார். மறுபிறவியை அறிவியல் காணவில்லை என்பதால் அது இல்லையென்றாகாது என்பதே அவர் கருத்து. நியாயமான கூற்று. ஆனால் அந்த நியாயம் மறுபிறவிக்கு மட்டும் உரியதாய், ஆத்மாவுக்கு உரியதாகாமல் போவது எங்ஙனம்?

ஐந்து ஸ்கந்தங்களிலும் தேடுகிறவன் எதைத் தேடுகிறான்? எதிரே விஷயமாக நிற்கும் ஒன்றைத் தேடுகிறான். வலி, எண்ணம், உருவம் ஆகியன அவனுக்கு எதிரே தோன்றுகின்றன. அவை போன்றே ‘நான்’ என்பதும் ஒரு தோற்றமாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறான். பாஷ்யகாரர் ஸித்தாந்தத்தில் ஆத்மா பராக் அன்று, பிரத்யக். அதாவது அது பிறிதொன்றுக்குத் தோன்றும் பொருளன்று. தனக்குத்தானே தோன்றும் பொருள். பகவத் ஆளவந்தார் ஆத்மஸித்தியில் நிலைநாட்டி, ஸ்ரீபாஷ்யத்து மஹாஸித்தாந்தத்தில் விரிவடைந்த இந்தப் பிரத்யக்த்வமே இங்கு முடிச்சை அவிழ்க்கும் திறவுகோல். விஷயங்களின் வரிசையில் ஆத்மா அகப்படாமை அதன் இன்மைக்குச் சான்றாகாது. அது விஷயங்களின் வரிசையைச் சேர்ந்ததன்று என்பதற்கே சான்றாகும். பிள்ளை லோகாசாரியர் தத்துவத்ரயத்தில் சித்தை விளக்கப் புகும்போது, தேகம், இந்திரியம், மனம், பிராணன், புத்தி ஆகியவற்றினின்றும் ஆத்மாவை வேறுபடுத்திக் கொண்டே தொடங்குகிறார். ஸ்கந்தங்களை ஒவ்வொன்றாக விலக்கும் பௌத்தரின் தியானம் அதே வழியில் நெடுந்தூரம் வருகிறது. விலக்கி முடித்த இடத்தில் எஞ்சியவனை மட்டும் அது கணக்கில் எடுப்பதில்லை.

அஹங்காரம் வேறு, அஹமர்த்தம் வேறு

‘நான்’ என்பது கற்பிதம் என்று அறிவியல் காட்டிவிட்டது, இனி ஆத்மவாதம் நில்லாது என்று அஞ்சும் வைஷ்ணவர் சிலர் உண்டு. அவ்வச்சத்துக்குக் காரணம் சொல்லொற்றுமை. பாஷ்யகாரர் இரண்டு ‘நான்’களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, பிரகிருதியின் பரிணாமமாகிய அஹங்காரம். ஆத்மா அல்லாத தேகத்தில் ‘நான்’ என்னும் எண்ணத்தை விளைவிப்பதால் அதற்கு அப்பெயர். இலக்கண வழியில் அது ச்வி பிரத்யயம் பெற்ற சொல் என்று அவர் விளக்குவது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்பு அவ்வாறு இல்லாததை அவ்வாறு ஆக்குதல் என்பது அந்தப் பிரத்யயத்தின் பொருள். ‘நான்’ அல்லாததை ‘நான்’ ஆக்குவது அஹங்காரம். மற்றொன்று, அஹமர்த்தம், ‘நான்’ என்னும் சொல்லின் உண்மைப் பொருளாய், அறிவே வடிவாயும் அறிவுக்கு ஆச்ரயமாயும் விளங்கும் ஆத்மா.

இப்பாகுபாட்டைக் கையிற்கொண்டு நூலைப் படித்தால், அறிவியல் கண்டது எது என்பது தெளிவாகும். உடலின் எல்லையை ‘நான்’ என்று கொள்ளுதல், நினைவுகளைக் கோத்து ஒரு வரலாறாக்கி அதை ‘நான்’ என்று கொள்ளுதல், பிறர் கூறும் புகழையும் பழியையும் ‘நான்’ என்று கொள்ளுதல் ஆகிய யாவும் ஆக்கப்பட்டவை. காரணங்களின் கூட்டத்தால் விளைபவை. காரணம் மாறினால் மாறுபவை. இதை மறுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அஹங்காரம் ஜடமான தத்துவம் என்று அறிந்தவனுக்கு, அதன் செயல்முறையை மூளையில் ஒருவர் வரைந்து காட்டுவது வியப்பன்று.

நூலாசிரியருள் ஒருவரான ஈவன் தாம்ப்ஸனே பிற்காலத்தில் இத்திசையில் நகர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 2014-இல் வெளிவந்த ‘வேக்கிங், ட்ரீமிங், பீயிங்’ என்னும் நூலில், ‘நான்’ என்பது வெறும் பிராந்தி என்னும் கூற்றை அவர் மறுத்து, அது ஆக்கப்படும் ஒரு செயல்முறை, ஆக்கப்பட்டதனாலேயே பொய்யாகிவிடாது என்று வாதிட்டார். அச்செயல்முறையை ‘நான்-ஆக்கம்’ என்று குறித்து, அஹங்காரம் என்னும் ஸம்ஸ்கிருதச் சொல்லையும் கையாண்டார். பாஷ்யகாரர் கொண்ட ச்வி பிரத்யயப் பொருளுக்கு இது மிக அணுக்கமானது. கனவற்ற உறக்கத்தைப் பற்றி அத்வைதிகளும் நையாயிகரும் நிகழ்த்திய வாதத்தையும் அந்நூல் விரிவாக எடுத்துக்கொள்கிறது. சுகமாக உறங்கினேன் என்னும் விழித்தபின் நினைவைக்கொண்டு, உறக்கத்திலும் ‘நான்’ தெளிவு குன்றி விளங்குகிறது என்று நிறுவிய ஸ்ரீபாஷ்யப் பகுதி அவ்வாதத்தில் மூன்றாம் தரப்பாக இடம்பெறத் தகுதியுடையது. அதை அவ்வரங்கில் வைப்பது நம் வித்வான்களின் பொறுப்பு.

தாம்ப்ஸன் ஆக்கத்தோடு நின்றுவிடுகிறார். ஆக்கப்படும் ‘நான்’ எவனுக்குத் தோன்றுகிறது என்னும் வினாவை அவர் எழுப்பினும், அதற்கு ஆச்ரயமான ஓர் ஆத்மாவை ஒப்புவதில்லை. அங்கே நாம் அவரிடமிருந்து பிரிகிறோம். ஆயினும் பிரியும் இடம் எது என்று இப்போது துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அதுவே விசாரத்தின் பயன்.

அநுஸ்மிருதி வாதத்தின் இன்றைய நிலை

க்ஷணபங்கத்துக்கு எதிராக ஸூத்திரகாரர் அநுஸ்மிருதியை ஹேதுவாகக் காட்டினார். முன்பு கண்டவனே பின்பு நினைக்கிறான். கண்டவன் அழிந்து வேறொருவன் தோன்றினால், இது அதுவே என்னும் அறிவு உண்டாகாது. இவ்வாதத்தைப் பொருத்திப் பார்க்க ‘தி எம்பாடிட் மைண்ட்’ நூலே ஒரு சந்தர்ப்பம் தருகிறது. வரேலா தம் குழுவினருடன் செய்த ஒரு சோதனையை அது எடுத்துரைக்கிறது. மிகக் குறுகிய இடைவெளியில் இரண்டு ஒளிகள் காட்டப்படுகின்றன. மூளையின் ஆல்ஃபா அலை எந்நிலையில் இருக்கும்போது அவை காட்டப்பட்டன என்பதைப் பொறுத்து, காண்பவருக்கு அவை ஒருங்கே தோன்றியனவாகவோ ஓர் ஒளி நகர்ந்ததாகவோ படுகின்றன. காட்சி தொடர்ச்சியானதன்று, சிறு சட்டகங்களாகத் துண்டுபட்டது என்று இதனால் கருதி, அபிதர்மத்தின் க்ஷணிகவாதத்தோடு நூலாசிரியர் இதை ஒப்பிடுகின்றனர்.

சோதனையின் முடிவை அப்படியே ஒப்புக்கொள்வோம். காட்சி துண்டுபட்டது என்பதற்கு அது சான்றாகலாம். காண்பவன் துண்டுபட்டவன் என்பதற்கு அது சான்றாகுமா? ஒளி நகர்ந்தது என்று ஒருவர் கூற வேண்டுமெனில், முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் ஒருவரே அறிந்திருக்க வேண்டும். முதல் ஒளியோடு ஓர் அறிவன் அழிந்து, இரண்டாம் ஒளியோடு மற்றோர் அறிவன் பிறந்தால், இருவருக்கும் ஒவ்வோர் ஒளியே உண்டு. நகர்ச்சி ஒருவருக்கும் இல்லை. சோதனைக்கு உட்பட்டவரின் வாக்குமூலமே அறிவனின் ஒருமையை வேண்டி நிற்கிறது.

இத்துடன் வெற்றி முழக்கம் செய்துவிடுவது வழக்கம். அது போதாது. இதற்கு பௌத்தரிடம் விடை உண்டு. முன்க்ஷணத்து அறிவு அழியும்போது தன் வாஸனையைப் பின்க்ஷணத்து அறிவுக்குத் தந்து செல்கிறது. ஸந்தானம் ஒன்றாக இருப்பதால் நினைவு கூடும். பிறிதொரு ஸந்தானத்தில் வாஸனை செல்லாமையால், தேவதத்தன் கண்டதை யஜ்ஞதத்தன் நினைப்பதில்லை என்பர். இன்றைய நரம்பியலும், நரம்பணுக்களின் இணைப்புகளில் பதிவு நிற்பதே நினைவுக்குக் காரணம் என்று கூறி அவர்களுக்குத் துணைசெய்வது போல் தோன்றும். இதற்கு நம் விடை, பதிவு இருத்தல் வேறு, பதிவை முன்பு நான் கண்டது என்று அறிதல் வேறு என்பதாகும். மணலில் பதிந்த காலடி நடந்தவனை நினைப்பதில்லை. பதிவுக்கும் முன் அநுபவத்துக்கும் உள்ள ஒப்புமையை அறிய, இரண்டையும் தனதாகக் கொண்ட ஒருவன் வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே சென்று கவனிக்க வேண்டியது உண்டு. தலாய் லாமாவின் கேலுக் மரபு, ட்ஸோங்கப்பா என்னும் ஆசாரியரின் வழிவந்தது. அவர் காலம் 1357 முதல் 1419 வரை. ஸ்வாமி தேசிகன் 1369-இல் திருநாட்டுக்கு எழுந்தருளினார். எனவே ட்ஸோங்கப்பா வகுத்த மாத்யமிக மதத்தை நம் பூர்வாசாரியர் எதிர்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை. அம்மதம், நினைப்பவன் எவனும் இல்லை என்று கூறுவதில்லை. வியவஹாரத்தில் புருஷன் உண்டு. அவனே நினைக்கிறான், அவனே கர்மபலனை நுகர்கிறான். ஆனால் ஸ்கந்தங்களைப் பற்றிக் கற்பிக்கப்பட்டவனாகவே அவன் உளன், தன்னியல்பில் உளனல்லன் என்று கூறுகிறது. இவனிடம் சென்று, நினைப்பவன் இல்லையெனில் நினைவு எங்ஙனம் என்று கேட்டால், நினைப்பவன் இல்லையென்று நான் கூறவில்லையே என்பான். நம் அம்பு அவன்மேல் படாது.

அவனிடம் கேட்க வேண்டிய வினா வேறு. கற்பித்தல் என்பது ஓர் அறிவு. ஸ்ரீபாஷ்யம் விரிவாக நிறுவியபடி, ஆச்ரயமும் விஷயமும் இன்றி அறிவு என்பதே இல்லை. யாரேனும் ஒருவனுக்கு ஏதேனும் ஒன்றைப் பற்றியதாகவே அறிவு அமையும். ஸ்கந்தங்களைப் பற்றிப் புருஷனைக் கற்பிக்கும் அறிவுக்கு ஆச்ரயம் எவன்? கற்பிக்கப்பட்ட அப்புருஷனே எனில், அவன் தோன்றுவதற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆத்மாச்ரய தோஷம் நேரும். மற்றொரு கற்பித புருஷன் எனில் அநவஸ்தை. அநாதியான தொடர்ச்சி என்று அவன் விடையளிப்பான். பீஜாங்குர நியாயத்தைக் காட்டுவான். விதையும் முளையும் இரண்டும் ஒரே தரத்து உண்மையுடையவை, இங்கோ கற்பனைக்குக் கற்பனையே ஆதாரமாகிறது என்று நாம் மேலும் தொடரலாம். வாதம் இவ்வாறு செல்லும். இது எளிதில் முடிவதன்று. ஆனால் இதுவே இன்று நடக்க வேண்டிய வாதம். இதை நடத்த வேண்டுமாயின் ட்ஸோங்கப்பாவின் நூல்களை அவர் சீடர்கள் பயிலும் கவனத்தோடு நம்மவர் சிலரேனும் பயில வேண்டும்.

ஆய்வுக்கூடமும் உபாஸனமும்

உரையாடலின் மற்றொரு கிளை, தியானிகளின் மூளையை அளக்கும் முயற்சி. இதில் பெரிதும் பேசப்பட்டது 2004-இல் வெளிவந்த ஆய்வு. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆன்ட்வான் லூட்ஸ், ரிச்சர்ட் டேவிட்ஸன் முதலியோர் எட்டுப் பௌத்த தியானிகளையும் பத்து மாணவர்களையும் ஒப்பிட்டனர். தியானிகள் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் மணி நேரம் வரை பயின்றவர்கள். தியானத்தின்போது அவர்கள் மூளையில் காமா என்னும் மின்னலைகள் மாணவர்களைவிட மிக வலிமையாகவும் ஒத்திசைந்தும் எழுந்தன. இச்செய்தி பரவியதிலிருந்து, நம் ஜபத்தையும் தியானத்தையும் அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று உபந்நியாஸ மேடைகளிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

அவ்வாறு கூறுவதற்கு முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவ்வாய்வு சிலரை வேறு சிலரோடு ஒப்பிட்டது; ஒரே மனிதரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்து ஒப்பிட்டதன்று. வேறுபாடு உண்டு என்பதை அது காட்டிற்று. அவ்வேறுபாடு முழுவதும் பயிற்சியால் விளைந்தது என்பதை அது ஒன்றே நிறுவிவிடாது. இரண்டாவது, அங்கு அளக்கப்பட்ட தியானம் எது என்பது. குறிப்பிட்ட எவரையும் விஷயமாகக் கொள்ளாமல் கருணையை மட்டும் மனத்தில் நிரப்பும் தியானம் அது. நம் உபாஸனமோ, த்ருவாநுஸ்மிருதி. எண்ணெய் ஒழுக்குப் போல் இடையறாத நினைவு. அதுவும் பிரீதி வடிவான நினைவு. கல்யாண குணங்களோடும் திவ்யமங்கள விக்ரஹத்தோடும் கூடிய ஒருவனையே விஷயமாகக் கொண்ட நினைவு. இடையறாமையைக் கருவி அளக்கக்கூடும். யாரிடத்தில் பிரீதி என்பதை அது அளக்குமோ? குழந்தையை நினைக்கும் தாயின் மனமும், பொருளை நினைக்கும் கருமியின் மனமும் ஒரே அளவில் ஒருமுகப்பட்டிருக்கலாம். பக்திக்குப் பக்தித்தன்மை தருவது ஒருமுகப்பாடு மட்டுமன்று. பகவத் விஷயத்தோடு அதற்குள்ள ஸம்பந்தம்.

கருணையைப் பற்றிய நூலின் முடிபும் இவ்விடத்திலேயே ஐயத்துக்கு இடமாகிறது. ஆதாரமின்மையை உணர்ந்தவனிடம் கருணை தானே சுரக்கும் என்பதற்கு நூல் காட்டும் காரணம் வலுவானதன்று. ஆதாரமின்மையை உணர்ந்தவன் கலங்கவும் கூடும். அலட்சியம் கொள்ளவும் கூடும். பௌத்த மரபில் கருணை சூனிய ஞானத்திலிருந்து தானாகப் பிறப்பதில்லை. போதிசத்துவ ஸங்கல்பத்தோடு தனியே பயிலப்படுகிறது. நமக்குக் கிருபை என்பது ஒரு குணம். குணம் ஒரு குணியை நாடும். துன்புறுபவன் ஒருவன், இரங்குபவன் ஒருவன் என்னும் இருவரும் மெய்யாக இருந்தாலன்றிக் கருணை என்னும் சொல் பொருள் பெறுவதில்லை.

பௌத்தரிடம் நாம் கற்க வேண்டியதும் இக்கிளையிலேயே இருக்கிறது. உயிர் பிரிந்ததாக மருத்துவர் உறுதிசெய்த பின்னரும் சில தியானிகள் ‘துக்தம்’ என்னும் தியான நிலையில் நீடிக்கின்றனர், உடலும் விரைவில் சிதைவதில்லை என்பது திபெத்தியர் நம்பிக்கை. தலாய் லாமாவின் ஊக்கத்தோடு இதுவும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. 2021-இல் வெளிவந்த ஆய்வுரை, அந்நிலையில் இருந்தோரின் மூளையில் மின்செயல் எதுவும் புலப்படவில்லை என்று அறிவித்தது. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு மறைக்கப்படாமல் அச்சேறிற்று. சூக்ஷ்ம விஜ்ஞானம் மூளையைச் சார்ந்ததன்று என்று நம்பிக்கையுடையோர் விடை கூறலாம். அவ்விடைக்கு இடமும் உண்டு. ஆனால் அவ்வாறு கூறுவோர், கருவி சாதகமாகக் காட்டிய நாளில் அதைப் பிரமாணமாகக் கொண்டாடும் உரிமையையும் விட்டுவிட வேண்டும். அது நமக்கும் பொருந்தும்.

எம்பெருமானார் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் செய்தது இவ்வகையில் நமக்குச் சிறந்த வழிகாட்டி. ஈச்வரனை அநுமானத்தால் நிறுவ முயன்ற தார்க்கிகர், நம் பக்கத்துக்குத் துணைவர் போலவே தோன்றினர். அவர் அத்துணையை ஏற்கவில்லை. அநுமானத்தால் நிறுவப்படுபவன் அநுமானத்தாலேயே வீழ்த்தப்படுவான் என்பதை அறிந்து, பிரஹ்மம் சாஸ்திரம் ஒன்றாலேயே அறியப்படுவது என்று நிறுவினார். ஆத்மாவைப் பற்றியும் இப்பாகுபாடு வேண்டும். ‘நான்’ உளன் என்பது ஸ்வயம்பிரகாசத்தால் விளங்கும். அதற்குக் கருவி தேவையில்லை. அந்த ‘நான்’ பரமபுருஷனுக்கு சேஷன் என்பது சாஸ்திரத்தால் மட்டுமே விளங்கும். அதற்குக் கருவி உதவாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மனம், இந்திரியம், அஹங்காரம் ஆகியவற்றின் நடையைக் கருவி ஆராயட்டும்; அவ்வெல்லைக்குள் அதன் முடிவுகளை மதித்து ஏற்பதில் தடையில்லை.

யோகஸித்தியைக் கொண்டு தன்னை நிறுவிக்கொள்ளும் நாட்டம் நம் ஸம்பிரதாயத்துக்கு இருந்ததில்லை என்பதற்குக் குருபரம்பரையே சான்று. ஸ்ரீமந் நாதமுனிகளின் யோகரஹஸ்யம் குருகைகாவலப்பனிடம் இருந்தது. அதைப் பெறுவதற்குக் குறித்த நாளில் ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருந்துவிட்டார். ரஹஸ்யம் அவரோடு மறைந்தது. ஆயினும் தரிசனம் குறைவுபடவில்லை. கீர்த்தனமும் கைங்கர்யமும் பிரபத்தியும் அதைத் தாங்கி நின்றன.

‘நான்’ ஒழிதலும் ‘அடியேன்’ என்றலும்

இறுதியில் வழக்கு எதைப் பற்றியது? துக்கத்துக்கு மூலம் ‘நான்’, ‘எனது’ என்னும் பற்று என்பதில் பௌத்தருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. நம்மாழ்வார் ‘வீடுமின்’ என்று தொடங்கும் திருவாய்மொழியில் அஹங்கார மமகாரங்களை வேரோடு களையச் சொல்லுகிறார். எம்மா வீட்டுத் திருவாய்மொழியில், தம்மைத் தாமே அறியாது ‘நான்’, ‘எனது’ என்று இருந்த நிலைக்கு இரங்குகிறார். ஆனால் அவ்விரக்கத்தின் முடிவில், தாமும் தம்முடையனவும் எம்பெருமானுக்கே உரியன என்று சமர்ப்பிக்கிறார். பௌத்தர் உடையவன் இல்லை என்று கண்டு பற்றை விடுகின்றனர். ஆழ்வார் உடையவன் வேறொருவன் என்று கண்டு பற்றை விடுகிறார்.

இவ்விரண்டுள் எது உண்மை என்பதை எந்தக் கருவியும் தீர்ப்பதற்கில்லை. எது புருஷார்த்தமாக நிற்கவல்லது என்பதை ஆராயலாம். நான் இல்லாமற் போவதே மோக்ஷம் என்று கேட்டவன், அப்பேச்சு நடக்கும் இடத்தைவிட்டே அகன்றுவிடுவான் என்று பாஷ்யகாரர் கூறியது எள்ளலன்று. பேறு என்பது பெறுபவனை வேண்டும் என்னும் நியாயம் அது. ஈவன் தாம்ப்ஸன் 2020-இல் ‘வொய் ஐ ஆம் நாட் எ புத்திஸ்ட்’ என்னும் நூலை எழுதி, பௌத்தம் மதங்களுள் தனித்து அறிவியல் தன்மை வாய்ந்தது என்னும் கொள்கையை மறுத்தார். நைராத்மியத்தை ஆய்வுக்கூடத்து முடிவாகக் காட்டுவது தவறு, அது விமோசனத்தை நாடும் ஒரு மரபின் உபதேசம் என்பது அவர் வாதத்தின் சாரம். முப்பதாண்டு உரையாடலில் உள்நின்று பங்குகொண்டவர் வந்தடைந்த இம்முடிவு, ஆசாரியர்கள் வகுத்த பிரமாண வரம்புக்கு இசைவானது.

எனவே நம் வித்வத்ஸதஸ்கள் மேற்கொள்ளத்தக்க பணிகள் இவை: தர்க்கபாதத்து மூன்று அதிகரணங்களை ச்ருதபிரகாசிகையோடு பயிலும்போது திபெத்திய மாத்யமிகத்தையும் பூர்வபக்ஷமாகச் சேர்த்துக்கொள்ளுதல், அஹங்கார அஹமர்த்த விவேகத்தை இன்றைய அறிவியலார் அறியும் மொழியில் எழுதுதல், மூளை அலைகளைக் காட்டி பக்தியை மெய்ப்பிக்கும் பேச்சை மேடைகளில் தவிர்த்தல். ‘அடியேன்’ என்னும் சொல்லின் பொருளை எதிர்வாதி கேட்கும் வினாக்களுக்கு விடையாகக் கூற வல்லவர் தோன்றினால், ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட நாளில் இருந்த உயிர்ப்பு அதன் பாடத்துக்கு மீண்டும் உண்டாகும்.